சாந்திநிகேதனமும் சபர்மதியும் செதுக்கிய தொண்டர்: டாக்டர் ஜி. ராமச்சந்திரன்

பொதுத்தொண்டு செய்யும் ஒரு நிறுவனத்தை நாம் பெரும்பாலும் அதன் கட்டடங்களாலும் ஆண்டறிக்கைகளாலும் அறிகிறோம். அதைத் தாங்கி நிற்கும் வேரோ கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்கடியில் இருக்கிறது. அந்த வேர், அதை நடத்தியவர்கள் வாழ்ந்த வாழ்க்கையே ஆகும். நடத்துபவர் எங்கே கற்றார், யாரிடம் பயின்றார், எதைத் துறந்தார், எந்தச் சோதனையில் புடம் போடப்பட்டார் என்பவற்றைப் பொறுத்தே அந்த நிறுவனத்தின் உயிர்ப்பு அமைகிறது.

கிராம மேம்பாடும் உலக அமைதியும் இரு வேறு துறைகள் என்று கருதப்படுவது வழக்கம். முன்னது வயல், கிணறு, மருத்துவமனை ஆகியவற்றோடு முடிவது. பின்னது மாநாட்டு மண்டபங்களில் நடப்பது என்பது பொதுவான எண்ணம். அவை இரண்டும் ஒரே தொண்டின் இரு கைகள் என்று வாழ்ந்து காட்டியவர் திருவனந்தபுரத்தில் தோன்றி, தமிழ்நாட்டில் காந்திகிராமத்தை வளர்த்து, தில்லியில் காந்தி அமைதி நிறுவனத்தை நடத்திய டாக்டர் ஜி. ராமச்சந்திரன். அவரது வாழ்க்கை தொண்டர்கள் ஒவ்வொருவரும் சிந்திக்கத் தக்கது.

திருவிதாங்கூரின் மைந்தர்

1904-ஆம் ஆண்டு பிறந்த ராமச்சந்திரன், திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைநகராக விளங்கிய திருவனந்தபுரத்தின் சூழலில் வளர்ந்தார். பத்மநாப சுவாமியின் திருக்கோயிலும் அரண்மனைகளும் கல்விச்சாலைகளும் நிறைந்த அந்நகரம் அன்றே கல்வியில் முன்னேறியிருந்தது. ஆனால் அதே மண்ணில்தான் தீண்டாமையோடு, அணுகினாலே தீட்டு என்னும் கொடிய வழக்கமும் வேரூன்றியிருந்தது. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில்கூட ஒரு பகுதி மக்கள் நடக்கக் கூடாது என்ற தடை பல இடங்களில் நிலவியது. அத்தடையை எதிர்த்து வைக்கத்தில் 1924-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சத்தியாக்கிரகம் தொடங்கியது.

ஒருபுறம் கல்வியும் கலையும், மறுபுறம் மனிதனை மனிதன் விலக்கி வைக்கும் இழிவு. இந்த முரண்பாட்டுக்கு நடுவே வளர்ந்த இளைஞனின் உள்ளத்தில் இரண்டு தாகங்கள் எழுந்தன: அழகைத் தேடும் தாகம் ஒன்று, நீதியைத் தேடும் தாகம் மற்றொன்று. முதல் தாகம் அவரை வங்காளத்தில் குருதேவர் ரவீந்திரநாத் தாகூர் நிறுவிய சாந்திநிகேதனத்திற்கு அழைத்துச் சென்றது. அங்கே விசுவபாரதியில் பயின்ற அவர், உலகம் முழுவதும் ஒரே கூட்டில் வந்து தங்கலாம் என்ற தாகூரின் இலட்சியத்தைத் தம் இளமையிலேயே உட்கொண்டார். தீனபந்து சி.எஃப். ஆண்ட்ரூஸ் அங்கே அவருடைய ஆசான்களுள் ஒருவர். ஆங்கிலேயராகப் பிறந்து, இந்திய ஏழைகளின் தோழராக வாழ்ந்த ஆண்ட்ரூஸின் அருகாமையே நாட்டு எல்லைகளைக் கடந்த அன்புக்கு ஒரு பாடமாக அமைந்தது.

மூன்று கேள்விகள்

1924-ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்து–முஸ்லிம் ஒற்றுமைக்காக மகாத்மா காந்தியடிகள் தில்லியில் 21 நாள் உண்ணாநோன்பை மேற்கொண்டார். அவருக்குப் பணிவிடை செய்ய ஆண்ட்ரூஸ் தில்லியில் தங்கினார். அந்நாட்களில்தான் ராமச்சந்திரன் காந்தியடிகளைச் சந்தித்து உரையாடும் பேறு பெற்றார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபது.

வந்த இளைஞர் வெறுமனே வணங்கிவிட்டுச் செல்லவில்லை. தம் உள்ளத்தைக் குடைந்துகொண்டிருந்த ஐயங்களை அச்சமின்றி முன்வைத்தார். முதல் கேள்வி கலையைப் பற்றியது. தாகூரின் மாணவருக்குக் கலையே உயிர். காந்தியடிகளோ கலையை ஒதுக்குபவர் என்று பலரும் பேசினர். உண்மையான கலை ஆன்மா தன்னை உணர்வதற்குத் துணை செய்ய வேண்டும் என்று காந்தியடிகள் விளக்கினார். தம் அறையின் சுவர்கள் வெறுமையாக இருந்தாலும், தலைக்கு மேல் விரிந்த விண்மீன் நிறைந்த வானம் தமக்குப் போதும் என்ற கருத்தை அவர் எடுத்துரைத்தார். முதலில் உண்மை, அழகு அதைத் தொடர்ந்து தானே வரும் என்பது அவர் காட்டிய வழி. புறத்தோற்றத்தில் அழகற்றவராகக் கருதப்பட்ட கிரேக்க ஞானி சாக்ரடீஸ், உண்மையில் வாழ்ந்ததால் அழகானவரே என்று எடுத்துக்காட்டினார்.

இரண்டாம் கேள்வி இயந்திரங்களைப் பற்றியது. இயந்திரத்தை அல்ல, இயந்திர மோகத்தையே தாம் எதிர்ப்பதாகக் காந்தியடிகள் தெளிவுபடுத்தினார். உழைப்பைக் குறைக்கிறோம் என்று சொல்லி ஆயிரக்கணக்கானோரை வேலையின்றித் தெருவில் நிறுத்தும் போக்கு அவருக்கு உடன்பாடன்று. மனைவி படும் சிரமத்தைக் கண்டு மனம் இரங்கிய ஒருவரின் அன்பிலிருந்து பிறந்தது தையல் இயந்திரம். ஆதலால் அதை அவர் விலக்காகவே கொண்டார். ஒரு கருவியின் பின்னால் இருப்பது பேராசையா, அன்பா என்பதே அவருக்கு அளவுகோல்.

மூன்றாம் கேள்வி திருமணத்தைப் பற்றியது. மனித வாழ்வின் நோக்கம் விடுதலையே என்ற நிலையிலிருந்து காந்தியடிகள் அதற்கு விடை கூறினார். பிரம்மசரியத்தின் பெருமையை உயர்த்திப் பேசினார். இந்த மூன்றாம் கேள்வியைக் கேட்ட இளைஞரின் சொந்த வாழ்வில், பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே காந்தியடிகள் எத்தகைய இடம் வகிக்கப் போகிறார் என்பதை அன்று இருவரும் அறியார்.

அந்த உரையாடல் அதே ஆண்டு நவம்பரில் காந்தியடிகளின் யங் இந்தியா இதழில் வெளிவந்தது. இன்றும் காந்திய சிந்தனையைக் கற்பவர்கள் கலையையும் இயந்திரத்தையும் பற்றி அறிய அதையே நாடுகின்றனர். கேட்கத் தெரிந்த மாணவன் கிடைத்தால்தான் குருவின் உள்ளத்திலிருந்து அரிய விளக்கங்கள் வெளிப்படும். உபநிடத காலம் தொட்டு நம் நாட்டு மரபு இதுவே.

ஆசிரமமும் சேரியும் சிறையும்

விசுவபாரதியில் படிப்பை முடித்த ராமச்சந்திரன் சபர்மதி ஆசிரமத்திற்குச் சென்றார். சாந்திநிகேதனத்தில் பாடலும் நாடகமும் மரநிழல் வகுப்புகளும் இருந்தன. சபர்மதியிலோ விடியற்காலைப் பிரார்த்தனை, நூற்பு, கழிவறையைத் தூய்மை செய்தல், ஒவ்வொரு காசுக்கும் கணக்கு என்ற கட்டுப்பாடு. ஒன்று இதயத்தை விரித்தது. மற்றொன்று கையையும் மனத்தையும் ஒழுங்குபடுத்தியது. தாகூரும் காந்தியடிகளும் பல விஷயங்களில் கருத்து மாறுபட்டவர்கள். அவ்விருவரிடமும் பயின்றவர் ஒருவரை விட்டு ஒருவரைப் பற்றிக்கொள்ளவில்லை. இருவரையும் தம்முள் இணைத்துக்கொண்டார். பிற்காலத்தில் அவர் நடத்திய நிறுவனங்களில் கைத்தொழிலும் தூய்மைப் பணியும் ஒருபுறமும், இசையும் பிரார்த்தனையும் கருத்துரையாடலும் மறுபுறமும் சமமாக இடம்பெற்றதற்கு இதுவே காரணம்.

பின்னர் அவர் கதர்ப் பணியிலும் தீண்டாமை ஒழிப்பிலும் ஈடுபட்டார். அரிசன சேவைக்காகச் சேரிகளுக்குச் சென்றார். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டு, அரசின் ஆளுகையிலிருந்த கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டார். வைக்கத்தில் தொடங்கிய அறப்போர் ஒரு நல்ல கட்டத்தை எட்டியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் காந்தியடிகள் யாத்திரிகராகத் திருவிதாங்கூர் வந்து அக்கோயில்களில் வழிபட்டார்.

1938-இல் பொறுப்பாட்சி கோரித் திருவிதாங்கூர் மாநிலக் காங்கிரஸ் எழுந்தபோது ராமச்சந்திரன் அதிலும் பங்கேற்றார். திவான் சர் சி.பி. ராமசுவாமி ஐயரின் அடக்குமுறை கடுமையாக இருந்த காலம் அது. விடுதலைப் போராட்டம் அவரைச் சிறைக்கும் அனுப்பியது. அஹிம்சை என்பது அமைதியான அறையில் இருந்துகொண்டு பேசும் தத்துவம் அன்று. தடியையும் சிறையையும் எதிர்கொள்ளும்போது உள்ளத்தில் வெறுப்பு எழாமல் காப்பதே அதன் உரைகல் என்பதை அவர் அனுபவத்தில் கற்றார்.

ஓராண்டுத் தவம்

அவரது வாழ்வில் அமைந்த துணை அவரைப் போலவே உறுதி படைத்தவர். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம். செல்வச் செழிப்பில் பிறந்த அவர் மிக இளம் வயதில் மணம் செய்விக்கப்பட்டு, இளமையிலேயே கணவரை இழந்தார். அன்றைய சமூகத்தில் இளம் விதவைக்கு விதிக்கப்பட்டிருந்த வாழ்க்கை இருட்டறைக்கு ஒப்பானது. ஆனால் அவர் தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1936-இல் மருத்துவராக வெளிவந்தார். அங்கே உடன் பயின்ற சுசீலா நய்யாரின் வழியாகக் காந்தியடிகளின் தொடர்பு கிட்டியது. அக்காலத்தில்தான் அரிசனத் தொண்டராக விளங்கிய ராமச்சந்திரனையும் சந்தித்தார்.

இருவரும் மணம் செய்துகொள்ள விரும்பினர். சாதி வேறு, மொழி வேறு. பெண்ணோ கணவரை இழந்தவர். பெற்றோர் இசையவில்லை. இருவரும் காந்தியடிகளின் ஆலோசனையை நாடினர். அவர் உடனே ஆசி வழங்கிவிடவில்லை. ஓராண்டுக் காலம் இருவரும் சந்திக்காமலும் கடிதம் எழுதிக்கொள்ளாமலும் பிரிந்திருக்க வேண்டும். அதன் பிறகும் உறுதி மாறாதிருந்தால் தாமே முன்னின்று நடத்தி வைப்பதாகக் கூறினார்.

இருவரும் அந்த நிபந்தனையை ஏற்று நிறைவேற்றினர். ஓராண்டு கழிந்தும் அவர்களது உறுதி தளரவில்லை. 1940-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் சேவாகிராமத்தில் காந்தியடிகள், அன்னை கஸ்தூரிபா ஆகியோர் முன்னிலையில் திருமணம் நடந்தது. காந்தியடிகள் நூற்ற நூலால் ஆன வேட்டியை மணமகனும், கஸ்தூரிபா நூற்ற நூலால் ஆன புடவையை மணமகளும் அணிந்தனர். திருமணத்தைப் பற்றி ஐயம் எழுப்பிய இளைஞருக்கு அதன் முழு விடை அன்று கிடைத்தது. பற்றைப் பெருக்கும் இல்லறம் தடையாகலாம். தொண்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இல்லறம் தவமாகவே அமையும். தம்பதியர் இருவரும் பின்னர் வாழ்ந்த வாழ்க்கை அதற்குச் சான்றாயிற்று.

சிறுமலை அடிவாரத்தில்

அன்னை கஸ்தூரிபா 1944-இல் சிறையில் மறைந்தார். அவர் நினைவாகக் கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொண்டாற்றக் கஸ்தூரிபா காந்தி தேசிய நினைவு அறக்கட்டளை அமைந்தது. தமிழ்நாட்டில் அதன் பணியைக் காந்தியடிகள் டாக்டர் சௌந்தரம் அம்மையாரிடம் ஒப்படைத்தார். 1947-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள், நாடு விடுதலை பெற்ற இரண்டு மாதங்களுக்குள், திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே சின்னாளப்பட்டிக்கு அருகில், சிறுமலையின் அடிவாரத்தில் காந்திகிராமம் உதயமாயிற்று.

அம்மையார் மருத்துவத் தொண்டைத் தொடங்கினார். சிறிய அளவில் தொடங்கிய அது நாளடைவில் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. தாய்சேய் நலம், ஆதரவற்ற குழந்தைகளின் பராமரிப்பு, ஆதாரக் கல்வி, கதர், கிராமக் கைத்தொழில் என்று கிளைகள் பரவின. 1956-இல் கிராமிய உயர்கல்வி நிலையம் நிறுவப்பட்டபோது ராமச்சந்திரன் அதற்கு வழிகாட்டினார். பட்டம் பெற்ற இளைஞன் கிராமத்தை விட்டு ஓடிப்போகும் கல்வி வேண்டாம். கிராமத்திற்குத் திரும்பி அதை உயர்த்தும் கல்வி வேண்டும் என்பதே அந்நிலையத்தின் நோக்கம். அது 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

இங்கே அவர் கண்ட ஒரு புதுமை மாணவர் சாந்தி சேனை. ஆசாரிய வினோபா பாவே 1957-இல் கேரளத்தில் பாதயாத்திரையில் இருந்தபோது சாந்தி சேனையைத் தொடங்கினார். அவ்வெண்ணத்தைக் காந்திகிராமத்தில் மாணவர்களின் பயிற்சியாக ராமச்சந்திரன் மாற்றினார். சீருடை உண்டு, அணிவகுப்பு உண்டு, கட்டுப்பாடு உண்டு. ஆயுதம் மட்டும் இல்லை. கிராமத்தில் தூய்மைப் பணி செய்வதும், சச்சரவு எழுந்தால் இடையே நின்று சமாதானம் செய்வதும் அந்தச் சேனையின் கடமைகள். போருக்குப் பயிற்சி அளிக்கக் கல்லூரிகள் இருக்கும்போது அமைதிக்குப் பயிற்சி அளிக்கவும் ஓர் இடம் வேண்டும் என்பது அவர் கருத்து. அமைதி என்பது சண்டை இல்லாத நிலை மட்டும் அன்று. உடற்பயிற்சி போல நாள்தோறும் பழக வேண்டிய ஆற்றல் என்பதை அவர் செயலில் காட்டினார்.

கடல் கடந்து வந்த விருந்தினர்

ராமச்சந்திரன் காந்தி நினைவு நிதியின் செயலாளராகவும் பொறுப்பேற்றிருந்தார். அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் பேருந்துகளில் நிலவிய நிறவேற்றுமையை அஹிம்சை வழியில் எதிர்த்து வென்ற மார்ட்டின் லூதர் கிங் என்ற இளம் பாதிரியாரை இந்தியாவுக்கு வருமாறு, 1958-ஆம் ஆண்டின் இறுதியில் நிதியின் சார்பில் அவர் அழைத்தார். கிங் தம் மனைவி கொரெட்டாவுடனும், வரலாற்றுப் பேராசிரியர் லாரன்ஸ் ரெட்டிக்குடனும் 1959 பிப்ரவரியில் வந்து, ஒரு மாத காலம் நாடெங்கும் பயணம் செய்தார். அப்பயணத்தில் காந்திகிராமத்தையும் கண்டார்.

அதன்பின் திருவனந்தபுரம் சென்றார். அங்கே முன்பு தீண்டாதோர் என ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பெருமளவில் பயின்ற ஒரு பள்ளியில் அவர் பேச வேண்டியிருந்தது. பள்ளித் தலைமையாசிரியர் அவரை மாணவர்களுக்கு அறிமுகம் செய்கையில், அமெரிக்காவிலிருந்து வந்துள்ள நம்மைப் போன்ற ஒரு தீண்டாதார் என்ற பொருள்படக் கூறினார். கிங் முதலில் திடுக்கிட்டார், மனம் புண்பட்டார். பிறகு தம் நாட்டில் கறுப்பின மக்கள் படும் வறுமையையும் அவமதிப்பையும் எண்ணிப் பார்த்தார். அச்சொல் உண்மையே என்று அவர் உள்ளம் ஒப்புக்கொண்டது. இந்நிகழ்ச்சியை அவரே 1965-இல் தம் தேவாலயச் சொற்பொழிவு ஒன்றில் நினைவுகூர்ந்தார்.

ராமச்சந்திரன் பிறந்து வளர்ந்த மண்ணில், அவர் இளமையில் எதிர்த்த அதே இழிவின் வாயிலாக, உலகின் மறுகோடியைச் சேர்ந்த ஒரு தலைவர் தம் மக்களின் துயரத்தைப் புதிதாகப் புரிந்துகொண்டார். ஓர் ஊரின் அநீதியை ஒழிக்கப் பாடுபடுவது உலகின் அநீதியை ஒழிக்கப் பாடுபடுவதே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கிங் 1968-இல் சுட்டுக்கொல்லப்பட்டபின், அவரைப் பற்றிய ஆய்வு நூல் ஒன்றை ராமச்சந்திரன், டி.கே. மகாதேவனுடன் இணைந்து தொகுத்து வெளியிட்டார்.

காந்தி அமைதி நிறுவனம்

1958-இல் தில்லியில் காந்தி அமைதி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. அதன் தலைவராக ஆர்.ஆர். திவாகரும் செயலாளராக ராமச்சந்திரனும் பணியாற்றினர். இவ்விருவரின் பின்னணியையும் சேர்த்துப் பார்ப்பது பயன் தரும். கர்நாடகத்தைச் சேர்ந்த திவாகர் விடுதலைப் போராட்டத்தில் பண்பட்டவர், பத்திரிகையாளர், மத்திய அமைச்சராகவும் பீகார் ஆளுநராகவும் இருந்தவர், உபநிடதங்களைப் பற்றியும் ஸ்ரீ அரவிந்தரைப் பற்றியும் நூல்கள் எழுதியவர். ஆட்சி அனுபவமும் ஆன்மிகப் புலமையும் உடைய ஒருவரும், கிராமத்தில் வேரூன்றிய ஒரு தொண்டரும் ஒருங்கே அமைந்ததால், நிறுவனம் வெறும் ஆராய்ச்சிக்கூடமாகவும் தேங்கவில்லை. வெறும் கிளர்ச்சி மன்றமாகவும் சிதறவில்லை.

1960-ஆம் ஆண்டு டிசம்பரில் போர் எதிர்ப்போரின் அகில உலகச் சங்கம் தன் மாநாட்டைக் காந்திகிராமத்தில் நடத்தியது. பல நாடுகளின் அமைதித் தொண்டர்கள் ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்தில் கூடினர். நாடுகளுக்கிடையே மோதல் எழும் இடங்களுக்குச் செல்லக்கூடிய ஆயுதமற்ற உலக அமைதிப் படை ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்றது. ஜெயப்பிரகாஷ் நாராயண் அதற்கு ஊக்கமளித்தார். ஓராண்டுக்குப் பின் லெபனான் நாட்டில் கூடிய மாநாட்டில் அப்படை முறைப்படி அமைக்கப்பட்டது.

1962-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் காந்தி அமைதி நிறுவனம் அணு ஆயுத எதிர்ப்பு மாநாட்டைத் தில்லியில் கூட்டியது. குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து அண்மையில் ஓய்வுபெற்றிருந்த டாக்டர் ராஜேந்திர பிரசாத், இந்தியா தானே முன்வந்து ஆயுதங்களைத் துறக்க வேண்டும் என்று அங்கே எடுத்துரைத்தார். மாநாட்டின் தொடர்ச்சியாக அணு வல்லரசுகளிடம் தூது செல்ல முடிவாயிற்று. 83 வயது நிரம்பிய மூதறிஞர் ராஜாஜி, அதுவரை மேலை நாடுகளுக்குச் சென்றறியாதவர், அத்தூதின் தலைவராக அமெரிக்கா சென்றார். திவாகரும் பி. சிவராவும் உடன் சென்றனர். செப்டம்பர் இறுதியில் அவர்கள் அதிபர் கென்னடியைச் சந்தித்து அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்துமாறு வேண்டினர். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா, சோவியத் நாடு, பிரிட்டன் ஆகியவை வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுச்சோதனை செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதற்கு உலகின் பல முயற்சிகளும் நிர்ப்பந்தங்களும் காரணம். அந்தப் பல குரல்களுள் இந்தத் தூதும் ஒன்று.

புடம் போட்ட சோதனை

ராஜாஜி கென்னடியைச் சந்தித்து ஒரு மாதம் ஆவதற்குள், 1962 அக்டோபர் 20-ஆம் நாள் சீனப் படைகள் இந்திய எல்லையில் பெருந்தாக்குதல் தொடங்கின. ஆயுதத் துறவைப் பற்றிப் பேசியவர்களின் நிலை அன்று மிகவும் தர்மசங்கடமானது. நாட்டுப்பற்றும் அஹிம்சைக் கொள்கையும் எதிரெதிராக நிற்பன போலத் தோன்றின. எல்லையைக் காத்து உயிர்நீத்த வீரர்களின் தியாகத்தை யாரால் மறுக்க முடியும்? ஆயினும் போர்க்காலத்தில் பேச முடியாத கொள்கை அமைதிக்காலத்தில் பேசுவதற்கு மட்டும் எப்படித் தகுதி பெறும்? காந்தியத் தொண்டர்களின் உள்ளத்தில் இவ்வினா நெருப்பாய் எரிந்தது.

1963-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், தில்லி ராஜகாட்டிலிருந்து பீகிங் நோக்கி நட்புறவு நடைப்பயணம் ஒன்று புறப்பட்டது. சங்கரராவ் தேவ் தலைமையில் இந்தியர்களும் பிறநாட்டவரும் நடந்தனர். வழியில் பல இடங்களில் எதிர்ப்பையும் ஏளனத்தையும் சந்தித்தனர். சீனா அவர்களை அனுமதிக்கவில்லை. பயணம் அஸ்ஸாமோடு முடிந்தது. பலன் என்னும் அளவுகோலால் அளந்தால் அது தோல்வியே. ஆனால் செயலுக்கு மட்டுமே நமக்கு உரிமை, பலனுக்கு அன்று எனக் கற்பிக்கும் மரபில் வந்தவர்களுக்கு, எதிரியென்று கருதப்படுபவரிடமும் நட்புக்கரம் நீட்ட முயன்றதே போதுமானதாயிற்று.

ராமச்சந்திரனின் வாழ்விலிருந்து இதற்கு ஒரு விடை கிடைக்கிறது. அவர் அமைதியைப் பற்றிய பேச்சைக் கிராமத் தொண்டிலிருந்து ஒருபோதும் பிரித்ததில்லை. உலக மேடையில் கொள்கை தோற்பதாகத் தோன்றிய நாட்களிலும், காந்திகிராமத்தில் மருத்துவமனை இயங்கிக்கொண்டிருந்தது, இராட்டைகள் சுழன்றுகொண்டிருந்தன, சாந்தி சேனை மாணவர்கள் சேரியில் வடிகால் வெட்டிக்கொண்டிருந்தனர். அன்றாடத் தொண்டில் காலூன்றாத அமைதி இயக்கம் முதற்புயலில் சாய்ந்துவிடும். காலூன்றியதோ மீண்டும் தளிர்க்கும்.

தொண்டர்களை வளர்த்த தொண்டர்

ஒரு தலைவரின் பெருமையை அவர் வகித்த பதவிகளைக் கொண்டு அளப்பது எளிது. ராமச்சந்திரன் 1964 முதல் 1970 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தார். 1970-களில் கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் தலைவராகப் பணியாற்றினார். சௌந்தரம் அம்மையார் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினராகவும், 1962-இல் திண்டுக்கல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டு, மத்தியக் கல்வித் துணையமைச்சராகவும் விளங்கினார். 1962-இல் பத்ம பூஷண் விருது பெற்றார். ஆனால் இவற்றைவிடச் சிறந்த அளவுகோல், அவர்களைச் சுற்றி உருவான தொண்டர்கள்.

அமெரிக்கப் பாதிரியாராக இந்தியா வந்து, விடுதலை இயக்கத்தின்பால் கொண்ட அன்பினால் ஆங்கில அரசால் நாடு கடத்தப்பட்டு, மீண்டும் வந்து தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கே தம்மை ஒப்படைத்த ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான் காந்திகிராமத்தின் தூண்களுள் ஒருவரானார். ஏழைக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள், சௌந்தரம் அம்மையாரின் அரவணைப்பில் கல்வி பெற்று வளர்ந்தார். தம் கணவர் ஜெகந்நாதனுடன் இணைந்து நிலமற்றவர்களுக்கு நிலம் பெற்றுத் தரும் அறப்பணியில் வாழ்வையே செலவிட்டார். டாக்டர் எம். அறம் 1964-இல் போர்நிறுத்தம் ஏற்பட்ட நாகாலாந்துக்குச் சென்று, எட்டு ஆண்டுகள் அங்கே தங்கி அமைதி மையத்தின் பணியை நடத்தினார். பின்னர் காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகி, கோவையில் சாந்தி ஆசிரமத்தையும் நிறுவினார்.

இவர்களுடைய பின்னணிகள் வெவ்வேறு. ஒருவர் அயல்நாட்டவர், ஒருவர் ஏழைப் பெண், ஒருவர் கல்வியாளர். பொதுவாக அமைந்தது ஒன்றுதான்: வசதியை விட்டு, தேவை இருக்கும் இடத்திற்குச் சென்று, அங்கேயே தங்கிவிடும் துணிவு. அமைதிக்கும் மேம்பாட்டுக்கும் உழைக்கும் நிறுவனத்தை நடத்துபவருக்கு வேண்டிய முதல் தகுதி இதுவே எனலாம்.

மீண்டும் தாய்மண்ணில்

1975-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் விடியுமுன், தில்லி காந்தி அமைதி நிறுவனத்தின் விடுதியில் தங்கியிருந்த ஜெயப்பிரகாஷ் நாராயண் நெருக்கடி நிலையின்கீழ் கைது செய்யப்பட்டார். 1980-களில் அந்நிறுவனம் உள்ளிட்ட காந்திய அமைப்புகள் மீது அரசு விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. ராமச்சந்திரன் வளர்த்த நிறுவனம் இவ்வாறு பல புயல்களைக் கண்டது, ஆயினும் அழிந்துவிடவில்லை.

அவரோ முதுமையில் தலைநகரின் ஆரவாரத்தை விட்டுத் திருவனந்தபுரத்திற்கு அருகிலுள்ள நெய்யாற்றின்கரைக்குத் திரும்பினார். அங்கே தம் அன்னையின் பெயரால் மாதவி மந்திரம் என்ற தொண்டு நிலையத்தை அமைத்தார். உலகத் தலைவர்களுடன் பழகியவர், பல நாடுகளின் அமைதித் தொண்டர்களை வரவேற்றவர், மீண்டும் ஒரு சிற்றூரில் முதலிலிருந்து தொடங்கினார். பெரிய நிறுவனங்களைக் கட்டியவர்களுள் பலருக்கு அவற்றை விட்டு விலகுவதே கடினமான துறவு. கட்டியதைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு, சிறிய பணியைப் பெரிய மனத்தோடு செய்ய அமர்ந்ததில் அவரது கர்மயோகம் நிறைவெய்தியது.

சௌந்தரம் அம்மையார் 1984-இல் மறைந்தார். ராமச்சந்திரன் 1995-ஆம் ஆண்டு இவ்வுலக வாழ்வை நீத்தார். இருபது வயதில் அவர் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் அவரது வாழ்க்கையே விடையாக அமைந்தது. உண்மையான தொண்டில் அவர் அழகைக் கண்டார், அன்பில் பிறந்த கருவிகளைக் கிராமத்தின் கைகளில் கொடுத்தார், இல்லறத்தைத் தவமாக்கினார்.

தொண்டு நிறுவனங்களில் பொறுப்பேற்கும் அன்பர்கள், தம்மிடம் இருக்கும் திறமைகளை எண்ணிப் பார்ப்பது இயல்பு. அதோடு, தாம் யாரிடம் பயின்றோம், எந்தச் சோதனையில் நிலைத்து நின்றோம், நாளைக்குப் பொறுப்பேற்க யாரை வளர்த்திருக்கிறோம் என்பவற்றையும் எண்ணிப் பார்ப்பது நலம். நிதியும் கட்டடமும் பிறர் தரக்கூடியவை. இந்த மூன்றையும் ஒருவர் தம் வாழ்நாளைக் கொடுத்தே பெற வேண்டும்.